முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை: ஆயத்தமும் மீட்சியும் – ஒரு சமூக வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சையின் வரலாறும் இதற்கு விதிவிலக்கன்று. எந்த ஆண்டில் எந்த நிபுணர் எந்த உலோகத்தைப் பயன்படுத்தினார் என்பதே அதன் பொதுவான கதை. இக்கதை பொய்யானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. சத்திரசிகிச்சைக்கூடத்தில் நிபுணர் செலவிடும் நேரம் ஓரிரு மணித்தியாலங்களே. அதற்கு முன்னர் வாரக்கணக்கிலும் பின்னர் மாதக்கணக்கிலும் வேறோர் உழைப்பு நிகழ்கின்றது. நோயாளியும் தாதியும் இயன்மருத்துவரும் வீட்டிலுள்ளோரும் செய்யும் அவ்வுழைப்பு இல்லையேல், மிகச் சிறந்த செயற்கை மூட்டும் மடங்காத மூட்டாகவே எஞ்சிவிடும். அவ்வுழைப்பு எவ்வாறு உருப்பெற்றது, யாரால் செய்யப்பட்டது, இன்று எங்கே பெயர்ந்துள்ளது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓய்வு என்னும் கோட்பாடு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நோயுற்ற மூட்டுக்கு மருத்துவம் அறிந்திருந்த பெருமருந்து ஓய்வே. இலண்டனில் ஜோன் ஹில்டன் 1860ஆம் ஆண்டு முதல் ஓய்வையும் வலியையும் பற்றி நிகழ்த்திய விரிவுரைகள் 1863இல் நூலாயின. லிவர்பூல் நகரத்துத் தொழிலாளரிடையே பணியாற்றிய ஹியூ ஓவன் தோமஸ், நோயுற்ற மூட்டுக்கு இடையறாத நீண்ட ஓய்வு கட்டாயமாக அளிக்கப்படல் வேண்டும் என வற்புறுத்தினார். அவர் அமைத்த காற்சட்டம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இக்கோட்பாட்டை வெறும் அறியாமை எனத் தள்ளிவிடுதல் தகாது. அக்காலத்தில் முழங்காலை அழித்த நோய்களுள் முதன்மையானது காசநோய். அந்நோய்க்கு மருந்து இல்லாத நிலையில், மூட்டை அசைவின்றி வைத்து அது விறைத்து இறுகுவதை எதிர்நோக்குவதே இயன்ற வழியாக இருந்தது. காசநோயோ நெருக்கமான குடியிருப்புகளிலும் போசாக்கின்மையிலும் பெருகிய நோய். எனவே மருத்துவ மூதறிஞர் விதித்த ஓய்வு, உழைத்துண்ணும் குடும்பங்களுக்கு மாதக்கணக்கான வருமான இழப்பாகவும் அமைந்தது. ஓய்வு என்பது மருத்துவ விதியாக இருக்கும் அதேவேளை ஒரு பொருளாதார வசதியாகவும் இருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

செயற்கை முழங்காலின் முதல் முயற்சியும் காசநோயின் சூழலிலேயே பிறந்தது. 1890இல் பேர்லின் நகரில் தெமிஸ்தொக்கிளிஸ் குளுக் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், காசநோயால் அழிந்த முழங்கால்களில் யானைத்தந்தத்தாலான கீல்களைப் பொருத்தினார். தொடக்கத்தில் மூட்டு மடங்கியது, நோயாளி பயனடைந்தார். ஆயின் மூட்டினுள் உறைந்திருந்த தொற்று அழியவில்லை. அதனால் கீலும் நிலைக்கவில்லை. குளுக்கின் எண்ணம் தவறன்று. அவ்வெண்ணத்தைத் தாங்கும் புறநிலைமைகள் அன்று தோன்றியிருக்கவில்லை. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள், தூய்மையான கூடம், உடல் ஏற்கும் உலோகம், அதனை என்போடு பிணைக்கும் ஊடகம், சிகிச்சைக்குப் பிந்திய பயிற்சி முறை ஆகிய ஐந்தும் ஒருங்கே அமையும்வரை அது காத்திருக்க வேண்டியதாயிற்று.

கீலிலிருந்து மூட்டுக்கு

முழங்கால் கதவுக் கீலைப் போன்றதன்று. அது மடங்கும்போது தொடையென்பு கீழென்பின்மீது உருள்கிறது, வழுக்குகிறது, சிறிது திரும்பவும் செய்கிறது. வெபர் சகோதரர்கள் 1836இலேயே ஜேர்மனியில் இதனை விளக்கியிருந்தனர். எனினும் சுவீடனைச் சேர்ந்த வால்டியஸ் 1951இல் பயன்படுத்திய முழங்காலும், பிரித்தானியாவின் ஷியர்ஸ் சில ஆண்டுகளிற் கொணர்ந்ததும் கீல்களே. ஒரே அச்சில் மட்டும் மடங்கும் கீல், நடக்கும்போது எழும் முறுக்கு விசையை என்பின்மீதே செலுத்தியது. காலப்போக்கில் அது தளர்ந்தது.

திருப்பம் இங்கிலாந்தின் லங்காஷயரிலுள்ள ரைற்றிங்டன் வைத்தியசாலையில் நிகழ்ந்தது. அவ்வைத்தியசாலை 1933இல் காசநோயாளருக்கென நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் பின் புதிய மருந்துகள் காசநோயைக் கட்டுப்படுத்தியதும் அதன் படுக்கைகள் வெறுமையாயின. அங்கேயே ஜோன் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்றை வளர்த்தெடுத்தார். 1962 முதல் அவர் கையாண்ட உயரடர்த்திப் பொலியெதிலீன் கிண்ணமும், உலோகத்தை என்போடு பிணைத்த அக்கிரிலிக் சீமெந்தும், தூய காற்றோட்டமுள்ள கூடமும் பின்னர் முழங்காலுக்கும் வழிவகுத்தன. கனடாவின் வினிப்பெக்கிலிருந்து அங்கு பயிலவந்த பிராங் கன்ஸ்டன் பொறியியலும் கற்றவர். அவர் 1968இல் உருளவும் வழுக்கவும் கூடிய முழங்காலைப் பொருத்தி, 1971இல் அதன் முடிபுகளை வெளியிட்டார். தம் ஆக்கத்திற்கு அவர் காப்புரிமை தேடவில்லை என்பது, அத்துறையின் பின்னைய வணிகப் பெருக்கத்தை நோக்குமிடத்து, குறிப்பிடத்தக்கது. 1970இல் இலண்டனில் பிரீமன், சுவான்சன் ஆகியோரும், 1974இல் நியூயோர்க்கில் இன்சோல், வோக்கர், ரணாவத் ஆகியோரும் இதனை மேலும் செம்மைப்படுத்தினர். இறுதியிற் கூறப்பட்ட வடிவமே இன்றைய முழங்கால்களின் மூதாதை.

ரைற்றிங்டன் அமைந்த லங்காஷயர் ஒரு நிலக்கரிப் பிரதேசம் என்பதையும் நாம் மறத்தலாகாது. சுரங்கத் தொழிலாளர் தாழ்ந்த அகழிகளில் முழந்தாளிட்டும் குந்தியும் வேலைசெய்தவர்கள். கெல்கிரென், லோரன்ஸ் ஆகியோர் 1952இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களின் முழங்கால்கள் ஏனையோரினும் மிகுதியாகத் தேய்ந்திருப்பதைக் கதிர்ப்படங்களாற் காட்டியது. ஆயினும் அத்தேய்வைத் தொழில்வழி நோயென ஏற்று நட்டஈட்டுக்கு வழிசெய்யப் பிரித்தானிய அரசுக்கு 2009ஆம் ஆண்டு வரை காலம் எடுத்தது. அதற்குள் அந்நாட்டின் சுரங்கங்களிற் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. தேய்வுக்கு முதுமையும் உடற்பருமனும் பழைய காயங்களும் காரணங்களே. ஆனால் உழைப்பும் ஒரு காரணம் என்பதை அறிவியல் கண்டதற்கும் சட்டம் ஏற்றதற்கும் இடையே 57 ஆண்டுகள் கழிந்தன.

இயக்கத்தின் எழுச்சி

உலோகத்தின் வளர்ச்சிக்குச் சமாந்தரமாக வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. அது ஓய்வுக் கோட்பாட்டின் வீழ்ச்சி. பிரான்சில் லூக்கா சம்பியோனியே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே முறிந்த உறுப்புகளையும் பிடித்தும் அசைத்தும் பேணவேண்டும் என வாதிட்டார். எனினும் அவ்வாதத்தை அன்றாடப் பணியாக மாற்றியவர்கள் பெண்களே. 1894இல் இலண்டனில் தாதியர் நால்வர், பயிற்சி பெற்ற உடற்பிடிப்பாளருக்கென ஒரு சங்கம் அமைத்தனர். தம் தொழிலின் நற்பெயரைக் காப்பதும் அவர்தம் நோக்கங்களுள் ஒன்றாகும். 1920இல் அரச பட்டயம் பெற்ற அச்சங்கமே இன்றைய பிரித்தானிய இயன்மருத்துவச் சங்கமாகும். இரு உலகப்போர்களும் ஊனமுற்ற படைவீரரை இலட்சக்கணக்கில் உருவாக்கியமையால் இத்தொழில் விரைந்து வளர்ந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது சிகாகோவில் அமெரிக்க இராணுவ வைத்தியர் தோமஸ் டிலோர்ம், முழங்காற் காயமுற்ற வீரர்களின் தொடைத்தசையைப் படிப்படியாகப் பாரமேற்றும் பயிற்சியால் வலுப்படுத்தினார். 1945இல் தம் முறையை வெளியிட்டார். முந்திய ஆண்டில் வில்லியம் டொக் என்பார் முழுமையான படுக்கை ஓய்வின் தீய விளைவுகளைத் தொகுத்துரைத்தார். 1947இல் ரிச்சர்ட் ஆஷர் படுக்கையின் அபாயங்களைப் பட்டியலிட்டார். குருதி உறைதல், தசை மெலிதல், படுக்கைப்புண், மூட்டு இறுகல் முதலியன நோயின் விளைவுகளல்ல, ஓய்வின் விளைவுகள் என்பது தெளிவாயிற்று. தோமஸ் வகுத்த விதி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் தலைகீழாகியது.

எனினும் முழங்கால் மாற்றில் இம்மாற்றம் உடனடியாக வேரூன்றவில்லை. 1970களில் நோயாளி பருத்த கட்டுடன் சில நாட்கள் படுக்கையிற் கிடப்பதும், இரண்டு மூன்று வாரங்கள் வைத்தியசாலையில் தங்குவதும் வழக்கம். தொரொன்ரோவில் ரொபேர்ட் சால்டர், காயமுற்ற கசியிழையத்துக்கு இடையறாத மெல்லசைவு நன்மை பயக்கும் என விலங்குகளிற் காட்டினார். அதன் வழியாகக் காலைத் தானே மடக்கி நீட்டும் பொறி 1980களில் முழங்கால் மாற்று நோயாளரின் படுக்கைகளிலும் இடம்பெற்றது. ஆனால் பின்னர் தொகுக்கப்பட்ட ஆய்வுகள், இந்நோயாளரிடத்து அப்பொறியின் பயன் மிக அற்பமே எனக் கண்டன. பிறிதொரு விசையால் அசைக்கப்படும் கால் வலுப்பெறுவதில்லை. தன் தசையால் அசையும் காலே வலுப்பெறுகின்றது. பொறியால் ஈடுசெய்ய இயலாத உழைப்பு நோயாளியினுடையதே என்பதை இவ்வரலாற்றுச் சிற்றத்தியாயம் உணர்த்துகின்றது.

ஆயத்தம்

இவ்வாறு உருவான அறிவு இன்று சத்திரசிகிச்சைக்கு முன்னரே செயற்படத் தொடங்குகின்றது. ஆயத்தத்தின் முதற்கூறு தொற்றைத் தவிர்த்தல். பல், தோல், சிறுநீர்ப்பாதை ஆகியவற்றிலுள்ள தொற்றுகள் முன்கூட்டியே தீர்க்கப்படுகின்றன, நீரிழிவு கட்டுப்பாட்டுக்குள் கொணரப்படுகின்றது, புகைத்தல் நிறுத்தப்படுகின்றது. குருதிச்சோகை கண்டறியப்பட்டுச் சீர்செய்யப்படுகின்றது. குருதியுறைவைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோர் அதனை வைத்தியருக்குத் தெரிவித்து, எப்போது நிறுத்துவது, எப்போது தொடர்வது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். குளுக்கின் யானைத்தந்தம் எதனால் தோற்றதோ அதனையே இவ்வாயத்தம் முன்கூட்டி எதிர்கொள்கின்றது.

இரண்டாவது கூறு உடலின் ஆயத்தம். முழங்காலை நீட்டி நிறுத்தும் முன்தொடைத்தசை, சிகிச்சைக்குப் பிந்திய முதல் மாதத்தில் தன் வலுவில் அரைவாசிக்கு மேல் இழக்கக்கூடும். ஆதலால் அதனை முன்னரே வலுப்படுத்துவதும், பின்னர் செய்யவேண்டிய பயிற்சிகளையும் ஊன்றுகோல் நடையையும் வலி பெருகுமுன் கற்றுக்கொள்வதும் அறிவுடைமையாகும். முன்பயிற்சியின் பயன் மிதமானதென்றே ஆய்வுகள் காட்டுகின்றன. அதனை மிகைப்படுத்தல் வேண்டா. ஆயின் சிகிச்சைக்கு முன் முழங்கால் எவ்வளவு மடங்கியதோ அதுவே பின்னர் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. வசதியின்மையால் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து, மூட்டு முற்றாக இறுகிய பின்னர் வரும் ஏழை நோயாளி, சிகிச்சை தொடங்குமுன்னரே ஒரு பகுதியை இழந்துவிடுகிறார்.

மூன்றாவது கூறு வீட்டின் ஆயத்தம். கைப்பிடியுள்ள உயர்ந்த கதிரை, தாழாத கட்டில், உயரிருக்கையுள்ள மலசலகூடம், கைகொடுக்கும் சட்டம், இரவில் வெளிச்சம், தடுக்கும் பாய்களும் விரிப்புகளும் அகற்றப்பட்ட தரை என வைத்தியசாலைக் கைந்நூல்கள் பட்டியலிடுகின்றன. இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கின் அது ஒரு குறிப்பிட்ட வகை வீட்டை முற்கோளாகக் கொண்டிருப்பது புலனாகும். பாயிற் படுத்து, தரையிற் சம்மணமிட்டுண்டு, குந்தியிருந்து அடுப்பூதும் இல்லத்திற்கு இவை ஆயத்தங்களல்ல. புதிதாக வாங்கவேண்டிய பொருட்கள்.

மூட்டின் வடிவமும் இதே முற்கோளைக் கொண்டதே. 1970களின் அளவீடுகளின்படி சமதரையில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 67 பாகை மடங்கினாற் போதும், படியேற 83, கதிரையிலிருந்து எழ 93. ஆதலின் 90 பாகை மடங்கிய முதல் முழங்கால்கள் வெற்றியென ஏற்கப்பட்டன. குந்தவும் தரையிற் சம்மணமிடவும் இதனிலும் மிகுதியான மடக்கம் தேவை. கதிரைச் சமூகங்களில் வகுக்கப்பட்ட வெற்றியின் அளவுகோல் தரைச் சமூகங்களுக்கு முற்றாகப் பொருந்தவில்லை. பின்னர் ஆசியச் சந்தையை நோக்கி மிகைமடக்க முழங்கால்கள் விற்பனைக்கு வந்தன. எனினும் வழமையான வடிவங்களினும் அவை குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டவை என ஒப்பீடுகள் நிறுவவில்லை.

மீட்சி

இன்று சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ நோயாளி எழுந்து நிற்கிறார். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது குருதியோட்டத்தைப் பேணுகின்றது. முன்தொடைத்தசையை இறுக்கித் தளர்த்துதலும், நீட்டிய காலை உயர்த்துதலும், குதிகாலை வழுக்கி முழங்காலை மடக்குதலும் நாளுக்குப் பலமுறை செய்யப்படுகின்றன. மடக்குவதைப் போன்றே முழுமையாக நீட்டுவதும் இன்றியமையாதது. முழங்காலின் கீழ்த் தலையணை வைத்துறங்குவது இதமாகத் தோன்றினும், அது மூட்டை வளைந்த நிலையில் இறுகச் செய்துவிடும். ஊன்றுகோலை மறுபக்கக் கையிற் பிடித்தல், படியேறுகையில் நற்காலையும் இறங்குகையில் சிகிச்சை பெற்ற காலையும் முன்வைத்தல் ஆகியன அனுபவத்தாற் பெற்ற விதிகள். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், திடீர் மூச்சுத்திணறல், காயத்திலிருந்து நீர்வடிதல், காய்ச்சல் ஆகியன உடனே வைத்தியரை நாடவேண்டிய அறிகுறிகள்.

முதல் ஆறு வாரங்கள் தீர்க்கமானவை. வீக்கம் மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும்; வலுவோ ஓராண்டு வரை பெருகிச் செல்லும். வலி தணிக்கும் மருந்தைத் தவிர்ப்பது வீரமன்று. வலி தணியாவிடிற் பயிற்சி நிகழாது. 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முழு முழங்கால் மாற்றுகளுள் ஏறத்தாழ 82 வீதமானவை 25 ஆண்டுகள் நிலைக்கின்றன எனக் கணித்தது. உலோகம் தன் பணியைச் செவ்வனே செய்கின்றது. எனினும் நோயாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பயனில் நிறைவடையவில்லை எனப் பல ஆய்வுகள் கூறுகின்றன. மூட்டு நிலைப்பதும் மனிதர் மீள்வதும் ஒன்றல்ல என்பதே இவ்விரு எண்களும் சேர்ந்து கூறும் செய்தி.

உழைப்பின் இடப்பெயர்வு

1990களில் டென்மார்க்கின் ஹென்றிக் கெலெற், சத்திரசிகிச்சை உடலுக்குத் தரும் அதிர்ச்சியை எல்லா முனைகளிலும் குறைக்கும் திட்டமொன்றை வகுத்தார். நோயாளிக்கு முன்னறிவூட்டல், பல்வகை வலிதணிப்பு, விரைவான உணவு, விரைவான நடை என்பன அதன் கூறுகள். இத்திட்டம் முழங்கால் மாற்றிலும் கையாளப்பட்டதனால் வாரங்களாக இருந்த வைத்தியசாலை வாசம் சில நாட்களாகச் சுருங்கிற்று. சில நாடுகளில் தெரிவுசெய்யப்பட்டோர் அன்றைய தினமே வீடு திரும்புகின்றனர். இது உண்மையான முன்னேற்றம். படுக்கையின் அபாயங்கள் குறைந்தன; பாதுகாப்பும் கெடவில்லை.

ஆனால் அகற்றப்பட்ட இரண்டு வாரங்களின் பணி மறைந்துவிடவில்லை, இடம் பெயர்ந்தது. கட்டு மாற்றுதல், மருந்து நினைவூட்டல், குளிக்கவும் எழவும் துணைநிற்றல், பயிற்சியை எண்ணிக் கணக்கிடல், வலியால் முகஞ்சுளிப்பவரை ஊக்குதல் ஆகிய யாவும் முன்னர் சம்பளம் பெறும் தாதியரின் பணிகள். இன்று அவை மனைவியாலும் மகளாலும் மருமகளாலும் சம்பளமின்றிச் செய்யப்படுகின்றன. வைத்தியசாலையின் கணக்கேட்டிற் செலவு குறைந்ததாகப் பதியப்படுகின்றது. வீட்டின் கணக்கேடோ எழுதப்படுவதேயில்லை. சிகிச்சை பெறுபவரே வீட்டின் பெண்ணாயின், அவரைப் பேணுவோர் யார் என்ற வினா எழுகின்றது. அடுப்படிக்கு விரைந்து திரும்புவது மீட்சியாகத் தோன்றலாம். ஆயின் பயிற்சிக்குரிய நேரத்தை வீட்டுவேலை விழுங்கிவிடுமாயின் அது மீட்சியன்று.

பொதுக் கொள்கை இதுவரை உலோகத்தையே நோக்கியுள்ளது. 1975இல் சுவீடன் தொடங்கிய தேசிய முழங்கால் மாற்றுப் பதிவேடு, எந்த மூட்டு விரைவில் தோற்கிறது என்பதை வணிக விளம்பரங்களுக்கு அப்பால் மக்களுக்குக் காட்டிய முன்னோடி முயற்சி. 2017 ஆகஸ்ட் மாதத்தில் இந்திய அரசு செயற்கை முழங்கால்களின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. பெருவழக்கிலிருந்த கோபால்ற்று–குரோமிய முழங்காலின் விலை ஏறத்தாழ 158,000 இந்திய ரூபாவிலிருந்து, வரி நீங்கலாக, 54,720 ரூபாவாகக் குறைந்தது. தமிழகத்து நோயாளர் உட்பட எண்ணற்றோர் இதனாற் பயன்பெறத்தக்க துணிவான நடவடிக்கை இது. எனினும் இவ்வுச்சவரம்பு பொருளுக்கே உரியது. அதனைச் சூழ்ந்த பராமரிப்புக்கன்று. இயன்மருத்துவரிடம் செல்லும் பயணச்செலவும், துணைவரும் மகளின் இழந்த நாட்கூலியும், உயர்ந்த கதிரையின் விலையும் எவ்வரம்புக்கும் உட்பட்டவையல்ல.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, முழங்கால் மாற்றின் வரலாற்றில் இரண்டு இழைகள் பின்னிக்கிடப்பதைக் காணலாம். ஒன்று, யானைத்தந்தத்திலிருந்து கோபால்ற்று–குரோமியம் வரை நீளும் பொருளின் வரலாறு. மற்றது, படுக்கையிலிருந்து நடைக்கும், விதிக்கப்பட்ட ஓய்விலிருந்து நோயாளியே மேற்கொள்ளும் பயிற்சிக்கும் நகர்ந்த உழைப்பின் வரலாறு. முதலாவது இழையில் மனிதகுலம் பெருவெற்றி ஈட்டியுள்ளது. இரண்டாவதில் அறிவு முன்னேறியுள்ளது. ஆனால் அவ்வறிவைப் பயன்படுத்தும் வாய்ப்பு சமமாகப் பங்கிடப்படவில்லை.

சிக்கலற்ற நோயாளர் பலருக்கு நாள்தோறும் நிலையத்திற் சிகிச்சை தேவையில்லை; முறையாகக் கற்பிக்கப்பட்டு அவ்வப்போது கண்காணிக்கப்படும் வீட்டுப் பயிற்சியே போதுமென்பதை ஆய்வுகள் ஏற்கின்றன. ஆகவே இங்கு கோரப்படுவது பெருஞ்செலவன்று. தாய்மொழியில் தெளிவான அறிவுரை, கிராமத்துக்கு வரும் இயன்மருத்துவர், இரவல் பெறக்கூடிய கதிரையும் ஊன்றுகோலும், நோயாளிக்கும் பேணுபவருக்கும் ஊதியத்தோடு கூடிய விடுமுறை ஆகியவையே. மூட்டை இலவசமாகவோ மலிவாகவோ அளித்து மீட்சியை அவரவர் வசதிக்கு விட்டுவிடும் கொள்கை, பணியைப் பாதியில் நிறுத்திய கொள்கையாகும். தேய்ந்த முழங்கால்களுட் பல உழைப்பாலும் தேய்ந்தவை. அவற்றை மீண்டும் நடக்கச் செய்யும் உழைப்பையேனும் சமுதாயம் பகிர்ந்துகொள்ளுதல் முறையாகும்.